வணிகரின் வீடும் கடைக் கணக்கும்



நம் இதழில் விலைவாசி, ஜி.எஸ்.டி., தராசு முத்திரை, கலப்படத் தடுப்பு என்று எத்தனையோ விஷயங்களை எழுதி வருகிறோம். இரவு கடையை அடைத்து விட்டுப் போய்ப் படுக்கிற வீட்டைப் பற்றி மட்டும் அதிகம் பேசியதில்லை. வீட்டைப் பழுது பார்ப்பது, அதற்குக் கடன் வாங்குவது, தேவைப்பட்டால் விற்பது ஆகிய மூன்றைப் பற்றியும் நாம் பட்டுத் தெரிந்து கொண்டதை இங்கே சொல்ல விரும்புகிறோம். நாம் சின்னமனூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆகவே சட்ட நுணுக்கங்களுக்கு உங்கள் வக்கீலையும் ஆடிட்டரையும் ஒரு முறை கேட்டுக் கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு நடை நம் வண்டி மேகமலைக்குப் போகும். 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று கடை கடையாக அரிசியும் பருப்பும் இறக்கி விட்டு வரும். அங்கே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள் அவர்களுக்குச் சொந்தமல்ல. வேலை இருக்கும் வரை வீடு; ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்து விட்டு மலை இறங்க வேண்டியதுதான். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் விளக்கேற்றியவர்கள், அறுபது வயதுக்கு மேல் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் வாடகைக்கு வீடு தேடி அலைவதைப் பார்த்திருக்கிறோம். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைச் செய்தி எல்லோருக்கும் தெரியும். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. 2028-இல் குத்தகை முடிகிறது. அதற்கு முன்பாகவே 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து, வீடுகளைக் காலி செய்யச் சொல்லி விட்டார்கள்.

அவர்களிடம் பத்திரம் இல்லை. அதனால் வீடு நிலைக்கவில்லை. நம்மிடம் பத்திரம் இருக்கிறது. இருந்தும் அதை நாமே எடுத்துக் கொண்டு போய்க் கடைக் கடனுக்கு ஈடாக வைத்து விட்டு வருகிறோம். இந்தத் தவற்றை நாமும் செய்தோம்.

நமக்கு நேர்ந்தது

2019-இல் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. போடி, கம்பம், குமுளிப் பக்கம் எல்லோர் கையிலும் பணம் புழங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் கடனுக்குச் சரக்குக் கொடுத்தோம். சரக்கு வாங்கப் பணம் போதாமல், குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 25 லட்சம் ஓ.டி. வாங்கினோம். அதிலேயே 6 லட்சத்தை எடுத்து வீட்டு முன்புறத்தைக் கிரானைட் போட்டுப் புதுப்பித்தோம். அடுத்த ஆண்டு கொரோனா ஊரடங்கு வந்தது. 2022-இல் அதே ஏலக்காய் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பேரேட்டில் பாக்கி நிறைய இருந்தது. பெட்டியில் பணம் இல்லை. தவணை 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் ஆகி, 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்தது. 2002-ஆம் ஆண்டுச் சர்ஃபாசி சட்டப்படி கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம் என்பதை அன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தோம்.

குடியிருக்கும் வீட்டை மீட்க, வாடகைக்கு விட்டிருந்த தகப்பனார் வீட்டை விற்க முடிவு செய்தோம். நல்ல விலைக்கு ஓர் ஆசிரியர் வந்தார். அவருடைய வங்கி கடன் கொடுக்க மறுத்து விட்டது. காரணம் மூன்று. பட்டா காலமான தகப்பனார் பெயரிலேயே இருந்தது. மாடிக்கு அனுமதி வாங்கவில்லை. வாரிசுச் சான்றும் எடுத்து வைக்கவில்லை. காகிதத்தைச் சரி செய்ய ஆறு மாதமாகும். நமக்கு இருந்ததோ இரண்டு மாதம். கடைசியில் கடன் வாங்காமல் கைப்பணத்தோடு வந்த ஒருவருக்கு 8 லட்சம் குறைத்துக் கொடுத்தோம். நம் தங்கைக்கும் அந்த வீட்டில் சரிபாதிப் பங்கு உண்டு. அவர் விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து, "அண்ணே, எனக்கு ஒண்ணும் வேண்டாம். நோட்டீசைக் கதவுல ஒட்டுறதுக்கு முன்னாடி கையெழுத்தைப் போட்டு முடிங்க" என்றார். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் அவர் பங்கு அவருக்குரியதுதான். இரண்டு வருஷத்தில் இரண்டு தவணையாகக் கொடுத்துத் தீர்த்தோம்.

கடையில் நஷ்டம் வருவது வியாபாரத்தில் சகஜம். அந்த நஷ்டம் வீட்டு வாசற்படி ஏறியதற்கு நாமே காரணம். வீட்டுக் கணக்கு வேறு, கடைக் கணக்கு வேறு என்று பிரித்து வைத்திருந்தால் இது நடந்திருக்காது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

முதலில் காகிதம்

நல்லபடியாக இருக்கும் காலத்திலேயே ஒரு கோப்புப் போடுங்கள். கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம், மின் இணைப்பு ரசீது ஆகிய ஏழும் அதில் இருக்க வேண்டும். 1975 முதலான வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையத்திலேயே பார்த்துக் கொள்ளலாம்.

தகப்பனார் காலமாகி விட்டால் காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுச் செய்யுங்கள். பெண் மக்களுக்குப் பங்கு உண்டா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்து உயில் இல்லாமல் நின்றால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. பிதுரார்ஜிதச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989-இலேயே பெண்களுக்கு உரிமை வந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே அக்கா தங்கை கையெழுத்து இல்லாத கிரயம் என்றைக்கும் வில்லங்கம்தான். பங்கைப் பேசித் தீர்த்து விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்டோ எழுதிக் கொள்ளுங்கள். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும், குடும்பத்தாருக்குள் எழுதும் இத்தகைய பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். பிற்பாடு கோர்ட்டுக்கு அலைவதைப் பார்க்க இது சொற்பச் செலவு.

மலையில் வீட்டு மனை வாங்கி விடுதி கட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மலைக் கிராமங்கள் பலவற்றில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கீழே சமவெளியிலும் அங்கீகாரமில்லாத மனைப் பதிவுக்கு 2016-இல் உயர் நீதிமன்றம் தடை விதித்ததை மறக்க வேண்டாம். விலை மலிவு என்று புரோக்கர் சொன்னால், எந்தக் காகிதம் குறைவதால் மலிவு என்று கேளுங்கள்.

பழுது பார்ப்பது

நம் பள்ளத்தாக்கில் ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. ஆகவே பணம் முதலில் போக வேண்டிய இடம் மொட்டை மாடி. தளத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் சேரும் மூலையில்தான் நீர் இறங்கும். இறங்கிய நீர் கம்பியில் துருவேற்றும். துரு உப்பிக் காரையைத் தள்ளும். தட்டோடு பதித்து வாட்டம் சரி பார்த்து, மழை நீர்க் குழாயை வருஷம் ஒரு தடவை துப்புரவு செய்தால் போதும். இந்தச் செலவைத் தள்ளிப் போட்டால் ஐந்தாறு வருஷத்தில் கான்கிரீட்டையே கொத்தி எடுக்க நேரும். இரண்டாவது கழிவுநீர், மூன்றாவது மின் கம்பி. முகப்பு ஓடு, கிரானைட், பால்ஸ் சீலிங் எல்லாம் அதற்கப்புறம். வாங்க வருகிறவரின் வங்கி மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதையும் விரிசலையும் பார்ப்பாரே தவிர, நாம் ஆசைப்பட்டுப் போட்ட கிரானைட்டுக்குப் போட்ட பணத்தைக் கொடுக்க மாட்டார்.

மொத்த வியாபாரிகளுக்கு முக்கியமான ஒன்று. பண்டிகைச் சரக்கை வீட்டு மாடியில் அடுக்கும் பழக்கத்தை விடுங்கள். குடியிருக்கும் அறைத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் கட்டுகிறார்கள். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பத்து வரிசை அடுக்கினால் அந்த இடத்தில் 700, 800 கிலோ ஏறி விடும். நம் வீட்டு மாடிக் கூடத்தில் ஒரு தீபாவளிக்கு வெல்லமும் சீனியும் அடுக்கி, உத்திரத்தில் விரல் நுழையும் விரிசல் கண்டு, இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம்.

மாடி எடுப்பதானால் அனுமதி வாங்கியே எடுங்கள். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் இது குடியிருப்புக்கு மட்டுமே. கீழே கடை, மேலே வீடு என்று கட்டுகிறவர்கள் வழக்கமான முறையில்தான் மனுச் செய்ய வேண்டும். அப்படி இருப்பவர்கள் கடைக்குத் தனி மின் இணைப்பும் தனி வரி விதிப்பும் வாங்கி விடுங்கள். வீட்டு இணைப்பில் கடையை ஓட்டினால் அபராதமும் வரும், விற்கும்போது வில்லங்கமும் வரும்.

சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பில் போடாமல் வாங்கி அந்த 18-ஐயும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். புதிதாக அறை, மாடி கட்டிய செலவு பின்னால் விற்கும்போது வரிக் கணக்கில் முதலாகச் சேரும். பில் இருந்தால்தான் சேரும். வெள்ளை அடித்த செலவு சேராது.

கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸும் எடுங்கள். 2021 ஏப்ரலில் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி வந்தது. வீட்டில் வைத்திருக்கும் வியாபாரச் சரக்கு அதில் அடங்காது. அதற்குத் தனியாகச் சரக்குப் பாலிசி வேண்டும்.

கடன் வாங்குவது

90 நாள் பணத்தை 20 வருஷச் சுவரில் போடக் கூடாது. இது நாம் கிரானைட் போட்டுக் கற்ற பாடம். ஓ.டி.யும் சி.சி.யும் சரக்காக உள்ளே வந்து, விற்றுப் பணமாகத் திரும்புகிற கடன். அதைச் சுவரில் பூசினால் திரும்பி வராது. அப்புறம் சரக்கு வாங்கக் கந்து வட்டிக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வீட்டுக் கடனே வாங்குங்கள். பழுது பார்க்கவும் மாடி எடுக்கவும் கூட வங்கிகள் தனிக் கடன் தருகின்றன.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி. 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 9,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 21 லட்சத்து 59 ஆயிரம். 10 வருஷத்துக்கு என்றால் மாதம் சுமார் 12,670. மொத்தம் 15 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 3,670 கூடுதலாகக் கட்டினால் 6 லட்சத்துக்கு மேல் மிச்சம். வெளியில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினாலோ மாதம் 20,000 போய்க் கொண்டே இருக்கும். 10 வருஷத்தில் 24 லட்சம் கட்டிய பிறகும் அசல் 10 லட்சம் அப்படியே நிற்கும்.

நம் வருமானம் ஒரே சீராக வருவதில்லை. ஆகையால் மாதத் தவணையைத் தாங்குகிற அளவுக்கு வைத்துக் கொண்டு, தீபாவளி, பொங்கல் லாபத்தில் அசலில் கட்டி வாருங்கள். மாறும் வட்டியிலுள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க வங்கிக்கு அனுமதி உண்டு. ஆனால் வங்கி பார்ப்பது நம்முடைய வருமான வரிக் கணக்கை. வரிக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர்கள் கடன் கேட்கும்போது கைபிசைந்து நிற்கிறார்கள். பத்து லட்சம் கடன் வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருஷம் முன்னதாகவே உள்ளதை உள்ளபடி காட்டத் தொடங்குங்கள்.

கடைக்கு முதல் வேண்டுமானால் வீட்டுப் பத்திரத்தைத் தொடும் முன் வேறு கதவுகளைத் தட்டுங்கள். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை ஈடு இல்லாமல் கடன் உண்டு. அதை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 2024-இல் வரம்பு 20 லட்சமாக உயர்ந்தது. சில்லறை, மொத்த வியாபாரிகளும் 2021 ஜூலை முதல் சிறு தொழில் பட்டியலில் சேர்க்கப்பட்டு, முன்னுரிமைக் கடனுக்குத் தகுதி பெற்றிருக்கிறோம். அப்படியும் போதவில்லை என்றால், வீட்டுக்குப் பதிலாகக் காலி மனையையோ டெபாசிட்டையோ ஈடாக வைக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் வீட்டை ஈடு வைப்பதற்குச் சமம்தான்.

கடன் தீர்ந்த பிறகும் வேலை இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்யுங்கள். செய்யாவிட்டால் வில்லங்கத்தில் கடன் நின்று கொண்டே இருக்கும்.

விற்பது

அவசரத்துக்கு விற்கிறவன் விலை சொல்ல முடியாது. விற்க வேண்டி வரும் என்று தெரிந்தால் ஆறு மாதம் முன்பே காகிதத்தையும் கூரையையும் சரி செய்யுங்கள். 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில் வந்ததைச் சொல்லித் தரகர் விலையை ஏற்றுவார். புறவழிச்சாலையைச் சொல்லி இன்னொருவர் இறக்குவார். பக்கத்துத் தெருவில் சமீபத்தில் நடந்த இரண்டு கிரயத்தை விசாரித்தால் உண்மை விலை தெரிந்து விடும். வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும், 2023 ஏப்ரலில் 4-லிருந்து குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். அவர் பேரம் பேசுவது இந்த 9 சதவீதத்தையும் மனத்தில் வைத்துத்தான்.

பாதி ரொக்கம், பாதி செக் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்து விடுங்கள். வீடு நிலம் விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவே அபராதம் விதிக்கச் சட்டம் 2015 முதல் இருக்கிறது. முன்பணம் வாங்கும்போது கெடு குறிப்பிட்டுக் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் கிரயத்தில், வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக் கொண்டு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2005-06-இல் 10 லட்சத்துக்கு வாங்கி 2025-26-இல் 40 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக் கொள்ளுங்கள். புதுக் கணக்கில் 30 லட்சம் லாபத்துக்கு வரி 3 லட்சத்து 75 ஆயிரம். பழைய கணக்கில் முதல் 32 லட்சத்து 14 ஆயிரமாக உயர்ந்து, வரி சுமார் 1 லட்சத்து 57 ஆயிரம்தான். அந்த லாபத்தை இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கவோ, மூன்று வருஷத்துக்குள் கட்டவோ போட்டால் வரி விலக்குக் கிடைக்கும். கடையின் கடனை அடைத்தால் விலக்கு இல்லை. நாம் விற்ற பணம் முழுவதும் வங்கிக்கே போய் விட்டது. அதன் மீது வந்த வரியைத் துணைவியாரின் நகையை அடகு வைத்துக் கட்டினோம்.

நாம் கேட்டுக் கொள்வது

இந்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பு நாளில், வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து வீட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஏழு காகிதமும் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, எங்கே ஈடு இருக்கிறது என்பதை அவர்களும் தெரிந்து கொள்ளட்டும். வீட்டுக்குத் தனி நோட்டு ஒன்று போட்டு வரவு செலவை எழுதுங்கள். கடைப் பேரேட்டில் எந்தக் கிளையில் நஷ்டம் என்று தேடிப் பிடிக்கிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

போன வாரம் மணலாற்றிலிருந்து நம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். முப்பத்தைந்து வருஷம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். கிராஜுவிட்டிப் பணத்தில் சின்னமனூர்ப் பக்கம் ஒன்றரை சென்ட் மனை முடித்திருக்கிறார். "முதலாளி, பட்டா என் பேருல வந்துருச்சு" என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்னும் சுவர் எழும்பவில்லை. அந்த ஒரு தாளை அவர் மடிக்காமல் திரும்ப உறையில் வைத்த பதனத்தைப் பார்த்தபோது, 2019-இல் நம் வீட்டுப் பத்திரத்தை எவ்வளவு எளிதாக வங்கி மேஜையில் போட்டு விட்டு வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.